டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்: எதற்கு இந்த விலை, எங்கே வாங்குவது?

கேள்வி, மார்ச் 21

டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் என்று 100 கிராம் 850 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். டிகாஷன் போட்டுப் பால் ஊற்றினால் நிறமே ஏறவில்லை. பால் இல்லாமல் குடித்தால் வெந்நீர் மாதிரி இருக்கிறது. இலை பாதி பச்சையாக இருக்கிறது, அங்கங்கே வெள்ளையாகப் பூஞ்சை மாதிரி ஒட்டியிருக்கிறது. பழைய சரக்கைத் தள்ளிவிட்டார்களா? இதற்குத்தான் வெளிநாட்டுக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்களா? நான் இருப்பது சென்னை, வேளச்சேரி.

மார்ச் 21, இரவு

நீங்கள் குறையாகச் சொன்ன பச்சை நிறமும் வெள்ளையும் நல்ல சரக்கின் அடையாளங்கள். அது பூஞ்சை இல்லை. இளம் மொட்டின் மேல் இருக்கும் பூனைமயிர். விரலில் வைத்துத் தேய்த்தால் வெள்ளி நிறத்தில் ஒட்டும். பூஞ்சை என்றால் பாக்கெட்டைப் பிரித்த உடனேயே மக்கல் வாடை வந்திருக்கும்.

பால் வேண்டாம். நாம் கடையில் குடிப்பது சிடிசி தூள், பாலும் சர்க்கரையும் சேர்ந்தாலும் தன் திடம் தெரியவேண்டும் என்றே நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் செய்தது. ஃபர்ஸ்ட் ஃப்ளஷ், அதாவது வசந்தத்தின் முதல் பறிப்பு, முழு இலை. பால் விழுந்ததும் மணம் போய்விடும், மணம் போனால் அதில் வேறொன்றும் மிச்சமில்லை.

150 மில்லி தண்ணீருக்கு இரண்டரை கிராம் போடுங்கள். இலை பருமனாக இருப்பதால் ஸ்பூன் கணக்கு ஏமாற்றும், சமையலறைத் தராசு இருந்தால் நிறுத்துப் போடுங்கள். கொதித்த தண்ணீரை ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிட்டு, 85இலிருந்து 90 டிகிரிக்குள் ஊற்றி, மூன்று நிமிடத்தில் வடித்துவிடுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்க விடவே கூடாது.

பாக்கெட்டின் பின்பக்கம் தோட்டத்தின் பெயரும் பறித்த ஆண்டும் இருக்கிறதா? பார்த்து எழுதுங்கள்.

மார்ச் 22

வேளச்சேரி என்றிருக்கிறீர்களே, போர்வெல் தண்ணீரா? கடினத் தண்ணீரில் இந்த டீ செத்துவிடும். சுண்ணாம்புச் சத்தும் பைகார்பனேட்டும் அதிகமுள்ள தண்ணீரில் டீ போட்டால் மேலே மெல்லிய ஆடை படியும், கோப்பையின் ஓரத்தில் பழுப்பு வளையம் விழும், நிறம் மங்கும், மணம் எழும்பாது. சிடிசியில் இது பெரிதாகத் தெரியாது. நல்ல கேன் தண்ணீரில் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

நான் கோயம்புத்தூரில் சிறுவாணி வரும் வீட்டில் இருந்தபோது குடித்த அதே பாக்கெட்டை, போர்வெல் உள்ள புது வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். இரண்டும் ஒரே டீ என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

மார்ச் 24

"வசந்தகாலத்துக் கொழுந்துக்கு மட்டும் அப்படி என்ன கிரீடம், நீலகிரியில் வருஷம் முழுக்கப் பறிக்கிறார்களே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன்.

தேயிலைச் செடி குளிரால் மட்டும் தூங்குவதில்லை, பகல் குறைவதாலும் தூங்கும். பகல் பொழுது சுமார் 11 மணி 15 நிமிடத்துக்குக் கீழே இறங்கி ஆறு வாரம்போல நீடித்தால் செடி துளிர்ப்பதை நிறுத்திக்கொள்ளும். குன்னூர் இருப்பது 11ஆம் பாகை அட்சரேகையில். டிசம்பரின் மிகக் குறுகிய பகலிலும் அங்கே 11 மணி 25 நிமிடத்தை ஒட்டி வெளிச்சம் இருக்கும். அதனால் நம் செடி வேகம் குறையுமே தவிர முழுக்கத் தூங்காது. டார்ஜிலிங் 27ஆம் பாகை. அங்கே அந்தப் பகல் பத்தரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. போதாததற்குக் கடும் குளிரும் மழையில்லாத மாதங்களும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை தோட்டம் மொத்தமும் அடங்கிக் கிடக்கும். கவ்வாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, நடப்பதும் அந்த இடைவெளியில்தான்.

தூங்கும் செடி சும்மா இருப்பதில்லை. சத்தை வேரில் சேர்த்து வைக்கும். பிப்ரவரி கடைசியில் பகல் நீண்டு, ஒரு மழையும் விழுந்தால், அந்தச் சேமிப்பெல்லாம் முதல் கொழுந்துக்கு ஏறும். குளிர் இன்னும் விட்டிருக்காது, வெயிலும் இளசு, கொழுந்து மெதுவாகத்தான் வளரும். அதனால் தியனைன் போன்ற அமினோ அமிலங்கள், அதாவது அந்த மெல்லிய இனிப்பும் வாய் நிறையும் சுவையும், தூக்கலாக இருக்கும். வெயில் ஏறிக் கொழுந்து வேகமாக வளரும்போது துவர்ப்பு கூடும். ஜூலையில் மழையில் வரும் இலை வேறு ஜாதி, தண்ணீரைக் குடித்துப் பெருத்த இலை.

நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனிக்காலத்தில் எடுக்கும் 'ஃப்ராஸ்ட் டீ' இருக்கிறது. அதுவும் மெதுவாக வளர்ந்த இலைதான், அருமையான மணம். எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனால் அது குளிர்கால டீ, தூங்கி எழுந்த செடி தந்ததல்ல. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் குடித்தால் வித்தியாசம் தெரியும். நீலகிரி வழவழப்பாக இறங்கும், டார்ஜிலிங் நாக்கின் ஓரங்களில் சுறுக்கென்று நிற்கும்.

மார்ச் 24, மாலை

பச்சை நிறம் பற்றி விட்டுப்போனது. சிலிகுரியில் வேலை பார்த்த காலத்தில் டார்ஜிலிங் மலையின் கர்சியாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மார்ச் மாதத்தில் போய் நின்றிருக்கிறேன். மாடியில் நீளமான தொட்டிகள், அடியில் கம்பி வலை, அதற்கும் கீழே மின்விசிறி. காலையில் பறித்த கொழுந்தைப் பரப்பி இரவெல்லாம் காற்று விடுவார்கள். பழக்காட்டுக்குள் நுழைந்தது போன்ற வாசனை படியேறும்போதே வந்துவிடும். மேற்பார்வை பார்த்தவர் விடியற்காலையில் ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து விட்டார். இலை பிரியாமல் உருண்டையாகவே நின்றது. "ஆகிவிட்டது" என்றார்.

மற்றப் பருவங்களைவிட இந்தப் பருவத்தில் வாட்டம் கடுமையாக இருக்கும். இலையின் எடையில் அறுபது, எழுபது சதவீதம்கூடப் போய்விடும். தண்ணீர் இவ்வளவு குறைந்த இலையை உருட்டும்போது சாறு கசிவது குறைவு, நொதிகளுக்கு வேலை செய்ய ஈரம் போதாது, நிறம் மாறுவது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் இலையில் பச்சையும் பழுப்பும் கலந்து கிடக்கிறது. வசந்த மணத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றே செய்வது இது.

மார்ச் 26

"அப்படியானால் கிரீன் டீ என்றே விற்கலாமே" என்றவருக்கு: கிரீன் டீயில் இலை வந்ததும் சூட்டில் வாட்டி நொதியையே கொன்றுவிடுவார்கள். இங்கே கொல்வதில்லை, பட்டினி போடுகிறார்கள். சந்தையில் இது பிளாக் டீ கணக்கில்தான் வருகிறது. குடிக்கிறவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: முழுக்கப் புளித்துக் கறுத்த டீயைப் போல இது வருடக்கணக்கில் தாங்காது. இதை மனதில் வையுங்கள், வாங்கும் விஷயத்தில் பாதி இதில்தான் இருக்கிறது.

மார்ச் 29

கேள்வி கேட்டவர் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து அனுப்பியிருக்கிறார். 'டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ், எஃப்டிஜிஎஃப்ஓபி1, பேக் செய்தது பிப்ரவரி'. தோட்டத்தின் பெயர் இல்லை, பறித்த ஆண்டு இல்லை.

பிப்ரவரியில் பேக் செய்தது என்றால் அநேகமாகப் போன வருட வசந்தத்தின் இலை. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், பேக் செய்த தேதியைத்தானே போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு வருடம் கழித்து ஃபர்ஸ்ட் ஃப்ளஷில் மிஞ்சுவது வைக்கோல் வாசனை. வெந்நீர் மாதிரி என்று நீங்கள் சொன்னதற்கு உங்கள் தண்ணீரும் காரணம், இதுவும் காரணம்.

அந்த நீள எழுத்துகளை நம்பி யாரும் காசு கொடுக்காதீர்கள். கிரேடு சொல்வது இலையின் அளவு, முழுமை, மொட்டு எவ்வளவு இருக்கிறது என்பதை. சுவையைச் சொல்லாது. முன்னால் ஒரு எஸ் சேர்ந்தால் விலை ஏறும், அந்த எஸ்ஸைப் போடுவது தோட்டமேதான்.

நான் பார்ப்பது வேறு. தோட்டத்தின் பெயர். அறுவடை ஆண்டு, முடிந்தால் பறித்த மாதமும். இன்வாய்ஸ் எண், அதாவது டிஜே எண். ஒவ்வொரு தோட்டமும் ஆண்டின் முதல் சரக்குக்கு டிஜே-1 என்று போட்டு வரிசையாக எண்ணிக்கொண்டு போகும், அடுத்த ஆண்டு மறுபடி ஒன்றிலிருந்து. ஒரு எண் என்பது ஒரு முறை உருட்டி உலர்த்திய ஒரு சரக்கு. அதே தோட்டத்தின் டிஜே-9 பிரமாதமாகவும் டிஜே-14 சுமாராகவும் இருக்கும். பிடித்திருந்தால் அதே எண்ணில் இன்னும் 100 கிராம் கேட்கலாம், தோட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அப்படிக் கேட்க முடியாது. சைனா செடியா, குளோனலா என்றும் விவரமான கடைக்காரர் சொல்வார். சைனா என்பது வெள்ளைக்காரர் காலத்தில் விதை போட்டு வளர்த்த சின்ன இலைச் செடி, பல தோட்டங்களில் நூறு வயது தாண்டியது. குளோனல் என்பது தேர்ந்த ஒரு செடியின் துண்டை நட்டுப் பெருக்கியது, அதில் ஏவி2 என்ற ரகம் பூ மணத்துக்குப் பேர் போனது. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஏவி2 உடனே பிடிக்கும். எனக்கு வயது ஏற ஏறச் சைனா செடியின் பக்கமே சாய்கிறது.

டீ போர்டின் டார்ஜிலிங் முத்திரையும் பாருங்கள்: வட்டத்துக்குள் பக்கவாட்டில் ஒரு பெண், கையில் தேயிலை. இந்தியாவில் முதன்முதலாகப் புவிசார் குறியீடு வாங்கிய பொருள் டார்ஜிலிங் டீதான், 2004இல். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஏற்றுக்கொண்டது. மொத்தம் 87 தோட்டங்களுக்குத்தான் அந்தப் பெயரில் விற்க உரிமை. முத்திரை இருந்தால் ஊர் உறுதி, புதுசா என்பதை அது சொல்லாது.

மார்ச் 30

எங்கே வாங்குவது என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது. இப்போது பல தோட்டங்கள் தாங்களே ஆன்லைனில் விற்கின்றன. என் முதல் சிபாரிசு அதுதான். அடுத்தது கல்கத்தாவிலும் சிலிகுரியிலும் உள்ள பழைய தேயிலைக் கடைகள். இன்வாய்ஸ் எண் கேட்டால் அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். சூப்பர் மார்க்கெட் அட்டைப்பெட்டியில் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் வேண்டவே வேண்டாம்.

முதலில் 25, 50 கிராம் மாதிரிகளாக மூன்று தோட்டம் வாங்குங்கள். கர்சியாங் பக்கம் ஒன்று (காசில்டன், ஜங்பானா, கிட்டாபஹார் இப்படி), மிரிக் பக்கம் ஒன்று (துர்போ, கோபால்தாரா), டார்ஜிலிங் ஊரை ஒட்டி ஒன்று (புட்டாபாங், ஆர்யா). ஒரே நாளில் மூன்றையும் ஒரே தண்ணீரில் போட்டு வரிசையாக வைத்துக் குடியுங்கள். வடித்த இலையைக் கொட்டிவிடாதீர்கள். வெள்ளைத் தட்டில் பரப்பிச் சூடு ஆறுவதற்குள் மூக்கருகில் கொண்டுபோங்கள். நல்ல இலை என்றால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் காம்போடு அப்படியே விரிந்திருக்கும், ஓரங்கள் மட்டும் செம்பு நிறத்தில், நடுவில் பச்சை. கிழிசலும் தனிக் காம்புமாக இருந்தால் கொடுத்த விலையை யோசிக்கவேண்டும்.

ஏப்ரல் 2

"டிஜே-1 கிடைத்துவிட்டது!" என்று ஒரு நண்பர் படம் போட்டிருக்கிறார். சந்தோஷம், நன்றாக அனுபவியுங்கள். மற்றவர்களுக்கு நான் சொல்வது: முதல் நம்பருக்காக ஓடாதீர்கள்.

சீக்கிரம் துளிர்ப்பது தாழ்வான, வெயில் படும் சரிவுகள். ரோஹிணி மாதிரித் தோட்டங்கள் பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிடும். மேலே 1,800 மீட்டரை ஒட்டிய சரிவுகளில் செடி கண் விழிக்க மார்ச் பாதியாவது ஆகும். ஆண்டின் முதல் சில சரக்குகளுக்கு வரும் விலையில் போட்டிக்கும் பெருமைக்கும் பங்கு உண்டு. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அதற்காகக் காத்திருந்து விமானத்தில் வரவழைக்கிறார்கள். நான் ஒவ்வொரு வருடமும் காசைச் செலவழிப்பது மார்ச் பிற்பாதியிலிருந்து ஏப்ரல் முதல் பாதி வரைக்குமான இலையில், உயரமான தோட்டத்தில். மணம் அப்போதுதான் முழுசாக இருக்கிறது, விலையும் முதல் சரக்கிலிருந்து இறங்கியிருக்கும்.

சீனாவிலும் இதே கதைதான். லாங்ஜிங் என்ற கிரீன் டீயில் ஏப்ரல் 5ஐ ஒட்டி வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்தது என்றால் மவுசு. அதனால் சீக்கிரம் துளிர்க்கும் ரகங்களை நடுகிறார்கள், லாங்ஜிங் 43 அப்படி வந்தது. மலையில் வழிவழியாக இருக்கும் பழைய செடிகள் அதற்குப் பின்னால்தான் துளிர்க்கின்றன. அந்தத் தேதிக்குள் சந்தைக்கு வரவேண்டும் என்று வேறு மாகாணத்து இலையும் லாங்ஜிங் பெயரில் நுழைந்துவிடுகிறது. தேதியைத் துரத்தினால் கிடைப்பது தேதிதான்.

ஏப்ரல் 3

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு யோசித்தேன். கொஞ்சம் கறாராகத் தோன்றுகிறது. முதல் சரக்கில் ஒன்று உண்டு, பின்னால் வருவதில் இல்லை: வேகவைத்த பச்சைப் பட்டாணி, ஈரப் புல், சற்றே எலுமிச்சை என்று ஒரு பச்சை வாசம். அதை விரும்புகிறவர்கள் டிஜே-1, டிஜே-2 வாங்குவது நியாயம்தான். நான் பூ மணக் கட்சி. கட்சி மாற யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

ஏப்ரல் 8

நேபாள டீ பற்றிக் காரமாகப் போகிறது விவாதம். என் நிலைப்பாடு இது.

எல்லையில் ஓடும் மேச்சி ஆற்றைத் தாண்டினால் நேபாளத்தின் இலாம். மண்ணும் மலையும் செடியும் தொடர்ச்சிதான். இலாமிலும் அதற்கு மேற்கே ஹிலே பக்கத்திலும் இளம் செடிகளை வைத்துப் பிரமாதமான வசந்த டீ செய்கிறார்கள். நேபாள டீ என்ற சொந்தப் பெயரில் வாங்கினால் அதே தரத்துக்குக் குறைந்த விலை. நானே வாங்குகிறேன். அது டார்ஜிலிங் என்ற பெயரில் விற்கப்படும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

2017இல் தனி மாநிலம் கேட்ட கோர்க்காலாந்து போராட்டத்தில் 104 நாள் பந்த். அந்த வருட வசந்த இலை ஏற்கெனவே பறித்தாகிவிட்டது, ஆனால் செகண்ட் ஃப்ளஷ், அதாவது மே கடைசி, ஜூன் பறிப்பு, தொடங்கி மழைக்காலம் முழுவதும் போனது. பறிக்க ஆளில்லாமல் செடிகள் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன. அவற்றை வெட்டிச் சீராக்கவே காலம் பிடித்ததால் 2018 வசந்தமும் அடி வாங்கியது. கைவிட்டுப்போன வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் நேபாளத்துக்குப் போனார்கள், பலர் திரும்பவில்லை. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 1 கோடி கிலோவுக்கு மேல் கொடுத்த மலை, இப்போது 60 லட்சம் கிலோ அளவில் தத்தளிக்கிறது. செடிகள் கிழடு, குளிர்கால மழை நம்ப முடியாமல் ஆகிவிட்டது, இளைஞர்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள். இந்த நிலையில் வேறு மலையின் இலைக்கு அந்தப் பெயரை ஒட்டி விற்பது, இன்னும் அங்கேயே நின்று கொழுந்து பறிப்பவர்களின் வயிற்றில் அடிப்பது. அதனால்தான் தோட்டத்தின் பெயர் கேளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஏப்ரல் 12

"850 ரூபாய் பகல் கொள்ளை" என்று வந்த பதிலுக்கு.

ஒரு கிலோ டீ ஆக நாலு, நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். வசந்தத்தில் இரண்டு இலை ஒரு மொட்டுதான், அதுவும் செடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கும். மழைக்காலத்தில் கூடை நிறைவது போல அப்போது நிறையாது. பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, நின்றாலே கால் வழுக்கும் சரிவில் இரண்டு கையாலும் கிள்ளுகிறார்கள். ஆண்டு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்குபோல வரும் இந்த வசந்த இலையின் வருமானத்தை நம்பித்தான் தோட்டம் ஆண்டு முழுவதும் ஓடுகிறது.

அந்தப் பெண்களின் தினக்கூலி 2023இல் 232 ரூபாயிலிருந்து 250 ஆனது. நாம் ஒரு 100 கிராம் பாக்கெட்டுக்குக் கொடுப்பது அந்தக் கணக்கில் மூன்று நாள் கூலிக்கு மேல். விலை அதிகம் என்ற பேச்சை நான் இந்தப் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறேன். விலை அதிகமில்லை. அதில் போய்ச்சேர வேண்டியவர்களுக்குப் போய்ச்சேருவது குறைவு. தோட்டத்திடம் நேரடியாக வாங்கினால் கூலி தானாக உயர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நடுவில் நாலு கை மாறும் காசு தோட்டத்துக்காவது போகும். கூலி உயரச் சட்டமும் சங்கமும் வேண்டும்.

ஏப்ரல் 13

வேளச்சேரி நண்பர் கேன் தண்ணீரில் போட்டுப் பார்த்து, "மணம் இருக்கிறது, ஆனால் மெலிசு" என்கிறார். பழைய இலையில் அவ்வளவுதான் வரும். மிச்சத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு லிட்டர் ஆறின தண்ணீரில் பத்து கிராம் போட்டு ராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள், காலையில் வடிகட்டிக் குடியுங்கள். துவர்ப்பு இறங்காது, இருக்கும் இனிப்பு மட்டும் வரும். சித்திரை வெயிலுக்குச் சரியாக இருக்கும்.

ஏப்ரல் 20

சேமிப்பது: காற்று, வெளிச்சம், ஈரம், சூடு, வாசனை, ஐந்தும் எதிரி. கண்ணாடி ஜாடியில் போட்டு அலமாரியில் அழகுக்கு வைக்காதீர்கள். வந்த அலுமினியப் பையிலேயே காற்றை அழுத்தி வெளியேற்றி, கிளிப் போட்டு, டின்னுக்குள். பெருங்காயம், மிளகாய்த்தூள் இருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் வேண்டாம். பிரித்த பாக்கெட்டைத் தினசரி ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் திறந்தால் ஈரம் பிடிக்கும். பிரிக்காத பாக்கெட்டை உள்ளே வைக்கலாம், எடுத்தால் அறைச் சூட்டுக்கு வந்தபிறகே பிரிக்கவேண்டும்.

பிரித்ததை இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று பூட்டி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். இதில் அது வேலைக்கு ஆகாது. தீபாவளிக்கு எடுத்தால் மணம் பாதிதான் இருக்கும்.

மே 6

கடைசியாக வந்த கேள்வி: "இப்போது ஆர்டர் போட்டால் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் கிடைக்குமா, செகண்ட் ஃப்ளஷுக்குக் காத்திருக்கவா?"

பறிப்பு ஏப்ரலில் முடிந்துவிட்டது, சரக்கு இன்னும் இருக்கிறது. ஏப்ரல் முதல் பாதி தேதியும் உயரமான தோட்டமும் கிடைத்தால் இப்போதே வாங்குங்கள், நாட்கள் போகப் போக மணம் குறையும். செகண்ட் ஃப்ளஷ் மே கடைசியிலிருந்து ஜூனில் வரும். தத்துப்பூச்சி கடித்த இலையில் செடி தற்காப்புக்காக உண்டாக்கும் வாசனைதான் அந்தப் பன்னீர்த் திராட்சை மணத்துக்கு அடிப்படை. அது நிறமும் திடமும் உள்ள டீ, அடுத்த வருடம் வரைகூடத் தாங்கும், பால் இல்லாமல் குடிக்கப் பழகாதவர்களுக்கு அதுவே நல்ல ஆரம்பம். அதற்கு அவசரமில்லை, ஜூலையில் நிதானமாக வாங்கலாம். நான் இந்த வருடம் துர்போவின் சைனா ஒன்று 100 கிராம், கிட்டாபஹார் 50 கிராம் எடுத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் இருப்பவர்கள் கேட்டால் பத்துப் பத்து கிராம் பிரித்துத் தருகிறேன், தண்ணீர் சிறுவாணியாக இருந்தால் மட்டும்.